கை கால் எக்ஸ்ரேயில் எது இயல்பு, எது முறிவு? புதிதாகப் படம் பார்க்கிறவர்களுக்கு

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கபடி ஆடும்போது கால் பிசகி, கணுக்கால் வீங்கிப்போய் ராத்திரியில் ஒரு மருத்துவமனைக்கு வந்தான். பாதத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் (ஐந்தாம் மெட்டாடார்சல்) அடியில், எலும்பை ஒட்டினாற்போல மெல்லிய சீவல் ஒன்று தனியாகத் தெரிந்தது. பார்த்தவர் ‘முறிவு’ என்று எழுதினார். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து அவனுடைய அப்பா அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்தார். கட்டைப் பிரித்ததும், சீவல் தெரிந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பையன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கணுக்காலின் வெளிப்புற முண்டுக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவனுக்கு இருந்தது தசைநார்ச் சுளுக்கு. அந்தச் சீவல், அந்த வயதில் வழக்கமாகத் தெரிகிற வளரும் எலும்பு நுனி.

கை கால் எலும்புகளில் இப்படிப்பட்ட இயல்பு மாறுபாடுகள் ஏராளம். சிலருக்கு உபரியாக ஒரு சின்ன எலும்பு இருக்கும். சிலருக்கு ஒன்றாகச் சேர வேண்டியது சேராமல் இரண்டாகவே நிற்கும். இன்னும் சிலருக்குத் தனித்தனியாக இருக்க வேண்டியவை ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு செய்யாது. ஆனால் அடிபட்ட நாளில் எடுக்கிற படத்தில் முறிவு போலவே தோன்றும்.

இந்தக் கட்டுரை, ஹவுஸ் சர்ஜனாகக் கேஷுவாலிட்டியில் முதல் மாதம் நிற்கிறவர்களுக்கும், ரேடியாலஜியிலும் ஆர்த்தோவிலும் சேர்ந்திருக்கும் புதியவர்களுக்கும், எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு படிக்கிறவர்களுக்கும். நூற்றுக்கணக்கான மாறுபாடுகளின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. படத்தில் எலும்பின் விளிம்பு எப்படி இருக்கிறது, நோயாளியின் விரல் எந்த இடத்தைக் காட்டுகிறது, இந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் பார்க்கப் பழகினால் பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

முதல் படி: படத்துக்கு முன்னால் ஆளைப் பாருங்கள்

பெயர், வயது, வலதா இடதா, எந்தத் தேதியில் எடுத்த படம் என்று சரிபாருங்கள். வயதை இரண்டு தரம் பாருங்கள். ஒரே படம் ஒன்பது வயதில் இயல்பு, இருபத்தொன்பது வயதில் முறிவு.

அப்புறம், “எங்கே வலிக்கிறது, ஒரே விரலால் காட்டுங்கள்” என்று கேளுங்கள். உள்ளங்கையை விரித்துப் பாதம் முழுவதையும் தடவிக் காட்டுகிறவரிடம், ஒரே விரல் என்று மறுபடியும் சொல்லுங்கள். அந்த இடத்தை நீங்களும் தொட்டுப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். டெக்னீஷியனாக இருந்தால், கோரிக்கைச் சீட்டில் ‘வலது பாதம்’ என்று மட்டும் இருந்தாலும், ‘ஐந்தாம் மெட்டாடார்சல் அடியில் தொட்டால் வலி’ என்று ஒரு வரி சேருங்கள். அறைக்குள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு அந்த ஒரு வரி, இன்னொரு படம் எடுத்துக் கொடுத்ததற்குச் சமம்.

கணுக்கால் சுளுக்குக்கு இதை முறைப்படுத்தியே வைத்திருக்கிறார்கள். 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் வகுத்த விதிகள் அவை. கணுக்காலின் உள், வெளி முண்டுகளின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ., பாதத்தின் உட்புறத்தில் நாவிகுலர் எலும்பு, வெளிப்புறத்தில் ஐந்தாம் மெட்டாடார்சலின் அடி ஆகிய இடங்களில் தொட்டால் வலியா, நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். அந்த இடங்களில் வலி இல்லை, நான்கு அடி நடக்கவும் முடிகிறது என்றால் எக்ஸ்ரேயே தேவைப்படாது. எடுக்காத படத்தில் குழப்பமும் இல்லை.

இரண்டாம் படி: படம் போதுமா?

ஒரே கோணத்தில் எடுத்த படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் குறைந்தது இரண்டு படம் வேண்டும். பாதத்துக்கும் கைக்கும் சாய்வாக எடுத்த மூன்றாவது படமும் வேண்டும். முழங்கால் சில்லில் சந்தேகம் என்றால், முழங்காலை மடக்கி மேலிருந்து பார்க்கிற ஸ்கைலைன் படம். தோள்பட்டை நுனியில் சந்தேகம் என்றால் அக்குள் வழியாக எடுக்கிற ஆக்சிலரி படம்.

இரண்டு எலும்புகளின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது எலும்பில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது. ஒளி சட்டென்று மாறும் எல்லையில் இல்லாத கோட்டைக் கண் வரைந்துகொள்கிறது. எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் பெயரால் இதை மாக் பட்டை என்கிறார்கள். அந்தக் கோட்டைப் பின்தொடருங்கள். எலும்பின் எல்லையைத் தாண்டி வெளியிலும் நீண்டால், அல்லது கோணம் மாறிய படத்தில் காணாமல் போனால், அது முறிவில்லை.

மூன்றாம் படி: விளிம்பை வாசியுங்கள்

எலும்பின் மேல்தோடான கார்ட்டெக்ஸ் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். உபரி எலும்பு என்பது தனக்கென்று ஒரு தோடு உள்ள முழு எலும்பு. ஆகவே நாலா பக்கமும் அந்த வெள்ளைக் கோடு ஓடும். ஓரம் ஆற்றுக் கூழாங்கல் போல வழுவழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த துண்டு அப்படி இருக்காது. மூன்று பக்கம் தோடு இருக்கும், நான்காவது பக்கம் பிய்ந்த விளிம்பு. அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கோடு இல்லை. கூர்மையாக, சில இடத்தில் பொரபொரவென்று இருக்கும். பக்கத்து எலும்பில் அதற்கு நேராக ஒரு பள்ளமும் இருக்கும். உடைந்த தேங்காய்ச் சிரட்டையின் இரண்டு துண்டுகளைப் பொருத்துவதுபோல மனதுக்குள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் முறிவு. பொருந்தாமல், இரண்டும் சேர்ந்தால் வழக்கமான எலும்பைவிடப் பெரிதாகிறது என்றால், பெரும்பாலும் பிறவியிலிருந்தே இரண்டாக இருப்பது.

கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸாப்பில் வந்த படத்தில் இந்த விளிம்பு தெரியாது. அதை வைத்துக் கருத்துச் சொல்ல மறுப்பதில் தவறே இல்லை.

எலும்பைச் சுற்றியுள்ள சதையையும் விடாமல் பாருங்கள். புது முறிவின் மேல் வீக்கம் இருக்கும், தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள கொழுப்பு அடுக்கு கலங்கியிருக்கும். மேலே இருக்கும் சதை அமைதியாக இருக்கிறது என்றால் கீழே உள்ள கோட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. பல வருஷத்துக்கு முன்னால் பிய்ந்து, ஒட்டாமலே நின்றுபோன துண்டுக்கும் காலப்போக்கில் தோடு வந்துவிடும். கணுக்காலின் வெளி முண்டுக்குக் கீழே தெரிகிற சின்ன உருண்டைகளும், மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து முனையில் இருப்பவையும் பல நேரம் அப்படிப்பட்ட பழைய காயங்கள்தான். பழைய காயம் இருந்ததா என்று கேளுங்கள். பழைய படம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் ஊரில் பீரோவுக்குள் பத்து வருஷத்து ஃபிலிமைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. பழைய ஃபிலிம் ஒன்று கிடைத்தால் எம்.ஆர்.ஐ. செலவு மிச்சம்.

நான்காம் படி: பிள்ளைகள் என்றால் வயதோடு சேர்த்துப் படியுங்கள்

பிள்ளைகளின் எலும்பு நுனிகள் குருத்தெலும்பாக இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்குள் எலும்பு மையங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி, வளர்ந்து, கடைசியில் தாய் எலும்போடு சேரும். சேரும் வரைக்கும் நடுவில் உள்ள வளர்தட்டு கறுப்புக் கோடாகத் தெரியும். புதியவர்களைத் திணற வைப்பதில் முழங்கைக்கு ஈடு எதுவும் கிடையாது. அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம்.

முழங்கையில் ஆறு மையங்கள் தோன்றும் வரிசைக்கு ‘கிரிட்டோல்’ (CRITOL) என்று ஒரு நினைவுச்சொல் உண்டு: கேப்பிட்டெல்லம், ரேடியல் தலை, இன்டர்னல் எபிகாண்டைல் (உட்புற முண்டு), ட்ராக்லியா (மூட்டின் உட்பக்க உருளை), ஓலக்ரனான், லேட்டரல் எபிகாண்டைல். ஏறக்குறைய 1, 3, 5, 7, 9, 11 வயதில் வரும் என்று ஒற்றைப்படை எண்களாக நினைவில் வையுங்கள். பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாக வரும். வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே போகலாம். வரிசைதான் முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். எட்டு வயதுச் சிறுமி. ஊஞ்சலிலிருந்து விழுந்து முழங்கை நழுவி, வீட்டில் யாரோ மூட்டை இழுத்து மறுபடி பொருத்திவிட்டார்கள். படத்தில் மூட்டு நேராகத்தான் இருந்தது. மூட்டின் உட்பக்கத்தில் ஒரு சின்ன எலும்பு மையம். எட்டு வயது, ட்ராக்லியா வரும் வயதுதானே என்று முதலில் பார்த்தவர் விட்டுவிட்டார். வரிசைப்படி எண்ணினால் விஷயம் பிடிபடும். இன்டர்னல் எபிகாண்டைல் இருக்க வேண்டிய இடம், மேலே உட்புற ஓரம், வெறுமையாக இருந்தது. ட்ராக்லியாவுக்கு முன்னால் வர வேண்டியது அது. அதைக் காணோம், ஆனால் ‘ட்ராக்லியா’ இருக்கிறது என்றால், நாம் பார்ப்பது ட்ராக்லியா இல்லை. பிய்த்துக்கொண்டு மூட்டுக்குள் மாட்டிக்கொண்ட எபிகாண்டைல். அந்தச் சிறுமிக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கிரிட்டோலில் ‘ஐ’ இல்லாமல் ‘டி’ இருக்கிறதா என்று ஒவ்வொரு குழந்தை முழங்கையிலும் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இயல்பான ட்ராக்லியா பல துண்டுகளாக, ஒழுங்கில்லாமல் தோன்றுவது சகஜம். லேட்டரல் எபிகாண்டைல் மெல்லிய தோல் உரிந்ததுபோல எலும்பிலிருந்து தள்ளி நிற்கும், அதுவும் சகஜம். பக்கவாட்டுப் படத்தில் மூட்டுக்குப் பின்னால் கொழுப்பு மேடு கறுப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மூட்டுக்குள் நீரோ ரத்தமோ இருக்கிறது. அடிபட்ட பிள்ளைக்கு அது இருந்தால், கோடு எதுவும் தெரியாவிட்டாலும் முறிவு இருப்பதாகவே நடத்துங்கள்.

தோளிலும் ஒரு பொறி உண்டு. மேல்கை எலும்பின் தலையில் வளர்தட்டு கூடாரக் கூரை மாதிரி மேடுபள்ளமானது. முன்விளிம்பும் பின்விளிம்பும் படத்தில் வேறு வேறு உயரத்தில் விழுவதால் இரண்டு கோடுகள் தெரியும். அதில் ஒன்றை முறிவு என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. குதிகாலின் பின்னால் இருக்கும் வளரும் நுனி சுண்ணாம்புக் கட்டி போல அடர்ந்து, துண்டு துண்டாகத் தெரிவதும் இயல்பே. அங்கே வலி இருக்கிறதா என்பதைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும், படம் சொல்லாது.

ஐந்தாம் படி: பாதத்தைத் தனியாகப் பழகுங்கள்

உபரி எலும்புகளின் ஊர் என்றால் பாதம்தான். அடிக்கடி பார்க்கப்போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஐந்தாம் மெட்டாடார்சலின் அடியில் தொடங்குவோம். வளரும் நுனியின் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடும். முறிவின் கோடு குறுக்கே ஓடும். நெடுக்கு என்றால் வளர்ச்சி, குறுக்கு என்றால் முறிவு. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 9 முதல் 11 வயதிலும், பையன்களுக்கு 11 முதல் 14 வயதிலும் இந்த நுனி தெரியத் தொடங்கி, சில வருஷத்தில் சேர்ந்துவிடும். நெடுக்குக் கோடு அகலமாகத் திறந்திருந்து, அங்கே தொட்டால் பிள்ளை கத்தினால், நுனியே பிய்ந்திருக்கலாம். அங்கேயும் விரல்தான் தீர்ப்புச் சொல்லும்.

நுனியிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளி, நான்காம் மெட்டாடார்சலோடு சேரும் மூட்டின் மட்டத்தில் குறுக்கே ஓடும் முறிவு வேறு ரகம். லிவர்பூல் அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ், நடனமாடும்போது தன் காலிலேயே ஏற்பட்ட முறிவை வைத்து 1902இல் இதைப் பற்றி எழுதினார். ஜோன்ஸ் முறிவு என்ற பெயர் அதனால்தான். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, சேரத் தாமதமாகும். இதைத் தவறவிட்டால் நோயாளி மாதக்கணக்கில் நொண்டுவார்.

அடுத்தது பாதத்தின் உட்பக்கம். நாவிகுலர் எலும்புக்கு அருகில் உபரி எலும்பு மூன்று விதமாக இருக்கும். முதல் வகை, தசைநாணுக்குள் புதைந்த சின்ன உருண்டை. தொந்தரவு செய்வது அரிது. இரண்டாம் வகை, ஏறக்குறைய ஒரு செ.மீ. அளவுள்ள முக்கோணத் துண்டு, தாய் எலும்போடு குருத்தெலும்புப் பாலத்தால் ஒட்டியிருக்கும். மூன்றாம் வகை, முழுக்கச் சேர்ந்து கொம்பு போலப் புடைத்திருக்கும். வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை. ஷூ போட்டால் உட்புற மேடு உரசுகிறது, மாலையில் வீங்குகிறது என்பார்கள். புதிய முறிவு என்று சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம், ‘இயல்பு’ என்று சொல்லி வலியைத் தள்ளிவிடவும் வேண்டாம். அந்தப் பாலம் இழுபட்டு வலிக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

கணுக்காலின் பக்கவாட்டுப் படத்தில், குதிகால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் தாலஸ் எலும்புக்குப் பின்னால் ஒரு உருண்டை தெரிந்தால் அது ஆஸ் ட்ரைகோனம். அங்கே ஓர் எலும்பு மையம் ஏறக்குறைய 8 முதல் 13 வயதுக்குள் தோன்றி, வழக்கமாகத் தாலஸோடு சேர்ந்துவிடும். சேராதவர்களுக்குத் தனி எலும்பாக நிற்கும். அதே இடத்தில் உண்மையான முறிவும் வரும். 1882இல் ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட் என்ற கனடா நாட்டு மருத்துவர் விவரித்ததால் அதற்கு ஷெப்பர்ட் முறிவு என்று பெயர். காலை விரல்நுனி வரை கீழே நீட்டி அழுத்துகிறவர்களுக்கு இந்தச் சின்ன எலும்பு பின்னால் நசுங்கி வலிக்கும். பாலே நடனக்காரர்கள், கால்பந்து ஆடுகிறவர்கள், வேகப்பந்து வீச்சாளர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. பந்து வீசும்போது முன்கால் தரையில் அறையும் நொடியைக் கவனித்திருந்தால் ஏன் என்று புரியும். குதிகால் வலி என்று வரும் பந்துவீச்சாளரின் படத்தில் இதைப் பார்த்தால் சும்மா தாண்டிப் போகாதீர்கள்.

கால் பெருவிரலுக்குக் கீழே எள் எலும்புகள் இரண்டு எல்லோருக்கும் உண்டு. உட்புறத்தில் இருப்பது சிலருக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு பாதியும் சேர்ந்து பக்கத்து எலும்பைவிடப் பெரிதாக, ஓரம் மழுங்கி இருந்தால் பிறவிப் பிளவு. இரண்டும் சேர்ந்து பக்கத்து எலும்பின் அளவே இருந்து, நடுவில் கூரான கோடு என்றால் முறிவு. பாதத்தின் வெளிப்புறத்தில் உள்ள க்யூபாய்ட் எலும்பின் ஓரத்தில் தசைநாணுக்குள் இருக்கும் ஆஸ் பெரோனியமும் இரண்டு துண்டாக இருக்கலாம். ஆனால் துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று தூரமாக விலகியிருந்தால், அதைத் தாங்கும் பெரோனியஸ் லாங்கஸ் தசைநாண் அறுந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள்.

ஒட்டிக்கொண்ட எலும்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அடிக்கடி கால் பிசகுகிறது, பாதம் தட்டையாக, விறைப்பாக இருக்கிறது என்று வரும் பிள்ளைக்கு, குதிகால் எலும்பும் நாவிகுலரும் ஒட்டியிருக்கிறதா என்று சாய்வுப் படத்தில் தேடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் குதிகால் எலும்பின் முன்முனை எறும்புத்தின்னியின் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். தாலஸும் குதிகால் எலும்பும் ஒட்டியிருந்தால் எக்ஸ்ரேயில் பிடிபடுவது கஷ்டம், சி.டி. வேண்டும்.

ஆறாம் படி: முழங்காலும் அதன் அக்கம்பக்கமும்

முழங்கால் சில்லு இரண்டாக இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். பிளவு பெரும்பாலும் மேல்-வெளி மூலையில்தான். அந்த மூலையில், வழுவழுப்பான ஓரத்தோடு துண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். கீழே விழுந்து முட்டி மோதியவருக்கு வரும் முறிவு, பெரும்பாலும் சில்லின் நடுவே குறுக்காக ஓடும்.

முழங்காலுக்குப் பின்னால், வெளிப்பக்கமாக, அவரைவிதை அளவில் ஒரு எலும்பு தெரியும். ஃபபெல்லா என்று பெயர். கெண்டைக்கால் தசையின் நாணுக்குள் இருப்பது. மூட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் துண்டு என்று இதை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, 27 நாடுகளின் 150 வருஷப் பதிவுகளைத் தொகுத்து 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 1918இல் 11 சதவீதம் பேருக்கு இருந்த ஃபபெல்லா 2018இல் 39 சதவீதம் பேருக்கு இருப்பதாக அதில் கணக்கிட்டிருந்தார்கள். மக்கள் உயரமும் எடையும் கூடியதால் தசை இழுக்கும் விசை கூடியது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இயல்பு என்பதும் நூறு வருஷத்தில் நகர்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

வளரும் பிள்ளைகளின் தொடை எலும்பு முழங்காலை நெருங்கும் இடத்தில், தோட்டை ஒட்டி, வெள்ளை ஓரம் கட்டிய ஒரு கறுப்புக் குழி தெரியலாம். நார்த்திசுக் குறை. வலி இல்லாமல், வேறு காரணத்துக்கு எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிந்த சின்னக் குழி என்றால் பயாப்ஸி வேண்டாம். காலப்போக்கில் தானாகவே நிரம்பிவிடும்.

காலின் நீள எலும்பில் சாய்வாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், ரத்தக்குழாய் நுழையும் வழியா என்று பாருங்கள். ஒரு பக்கத் தோட்டில் மட்டும் இருக்கும், இரண்டு கரையிலும் வெள்ளை ஓரம் இருக்கும். அந்தக் குழாய்கள் கையில் முழங்கையை நோக்கியும், காலில் முழங்காலை விட்டு விலகியும் செல்லும். திசை ஒத்துவந்தால் நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போகலாம்.

ஏழாம் படி: கை

கையில் பட்டியல் சிறியது. தோள்பட்டை நுனியான அக்ரோமியன் ஏறக்குறைய 25 வயதுக்குள் ஒன்றாகச் சேரும். அதற்கு அப்புறமும் சேராமல் நின்றால் ஆஸ் அக்ரோமியாலே. நேர்ப்படத்தில் ஒளிந்துகொள்ளும், ஆக்சிலரி படத்தில் தெளிவாகத் தெரியும். 25 வயதுக்குக் கீழே இந்தப் பெயரைச் சூட்ட அவசரப்படாதீர்கள்.

மேல்கை எலும்பின் கீழ்ப்பகுதியில், உட்புற முண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. மேலே, முன்பக்கமாகக் கொக்கி போல ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும் சிலரைப் பார்ப்பீர்கள். நூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். கொக்கி மூட்டை நோக்கி வளைந்திருக்கும். எலும்பிலிருந்து கிளைக்கும் ஆஸ்டியோகாண்ட்ரோமா கட்டி மூட்டை விட்டு எதிர்ப்பக்கம் நீளும். இந்தக் கொக்கியிலிருந்து உட்புற முண்டுக்கு ஒரு நார் ஓடுவதுண்டு. 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் ஜான் ஸ்ட்ரதர்ஸ் பெயரால் அதை அழைக்கிறார்கள். அதன் அடியில் மீடியன் நரம்பு நசுங்கினால் கை மரத்துப்போகும். மரத்துப்போகிறது என்று வந்தவருக்கு மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த இடத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

மணிக்கட்டில் அல்னா (சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு), ரேடியஸைவிட (கட்டைவிரல் பக்கத்து எலும்பு) நீளமா குட்டையா என்று அளப்பார்கள். இது டெக்னீஷியன் கையில் இருக்கிற விஷயம். தோளை 90 டிகிரி தூக்கி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து எடுத்த படத்தில் மட்டும் அளக்க வேண்டும். முன்கையைத் திருப்பினால் அல்னா நீண்டும் குறுகியும் காட்டும். அந்த அளவுக்கு மதிப்பில்லை. அல்னா குட்டையாக இருப்பவர்களுக்கு மணிக்கட்டின் நடுவில் உள்ள லூனேட் எலும்பு நசிவது அதிகமாகக் காணப்படுகிறது என்று 1928இலேயே ஹுல்டன் என்ற மருத்துவர் சொன்னார். அந்த நோயை 1910இல் வியன்னாவில் விவரித்தவர் ராபர்ட் கீன்பாக்.

மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஸ்கேஃபாய்ட் எலும்பு பிறவியிலேயே இரண்டாக இருப்பது மிக மிக அபூர்வம். ஆகவே கையை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே கோடு தெரிந்தால் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: இன்னும் சந்தேகம் என்றால்

ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கக் கையையோ காலையோ படம் எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். எடுக்கலாம், வழக்கமாக எடுக்க வேண்டாம். கை கால் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, நாம் ஒரே நாளில் இயற்கையிலிருந்து பெறுவதைவிடக் குறைவு. ஆனாலும் தேவையில்லாத படம் தேவையில்லாததுதான். தவிர, மாறுபாடு ஒரு பக்கம் மட்டும் இருப்பதும் உண்டு. மறுபக்கத்தில் இல்லை என்பதால் இது முறிவு என்று ஆகாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் அது உதவும்.

வலியும் இருக்கிறது, விளிம்பும் தெளிவில்லை என்றால், முறிவுக்குச் செய்வதுபோல அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுங்கள். புது முறிவின் ஓரம் அதற்குள் மங்கி அகலமாகும், பக்கத்தில் புது எலும்பு துளிர்க்கும். உபரி எலும்பு அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். காசு அதிகம் செலவாகாத சோதனை இது. ஆட்டக்காரர், தினக்கூலி வேலைக்குப் போகிறவர் போலக் காத்திருக்க முடியாதவர் என்றால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோப்பு வெளிச்சமாகத் தெரிந்தால் அந்த இடம் காயப்பட்டிருக்கிறது; தெரியாவிட்டால் அந்தத் துண்டு பழையது. எலும்பின் ஓரத்தையும் ஒட்டுகளையும் நுணுக்கமாகப் பார்க்க சி.டி.; தசைநாணையும், தொட்டுக்கொண்டே பார்க்க வேண்டியதையும் பார்க்க அல்ட்ராசவுண்ட்.

கடைசிப் படி: எழுதுவதும் சொல்வதும்

ரிப்போர்ட்டில் ‘முறிவு இருக்கலாம், உபரி எலும்பாகவும் இருக்கலாம், மருத்துவப் பரிசோதனையோடு ஒப்பிடவும்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: துண்டின் இடம், அளவு, எத்தனை பக்கம் தோடு, பக்கத்து எலும்பில் பள்ளம் உண்டா, மேலே வீக்கம் உண்டா. அப்புறம் உங்கள் முடிவு. உதாரணமாக: ‘தாலஸுக்குப் பின்னால் 9 மி.மீ. உருண்டை எலும்பு, சுற்றிலும் தோடு உண்டு, சதை வீக்கம் இல்லை, ஆஸ் ட்ரைகோனம். புது முறிவு இல்லை. அந்த இடத்தில் தொட்டால் வலி இருந்தால் எம்.ஆர்.ஐ. பார்க்கலாம்.’ சிகிச்சை செய்கிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நோயாளியிடம் சொல்லும்போது ‘உங்களுக்கு எக்ஸ்ட்ரா எலும்பு இருக்கிறது’ என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பையனின் அப்பா அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இதை ஆபரேஷன் பண்ணி எடுக்கணுமா சார்?” என்பதுதான். வளர வளரத் தானாகச் சேர்ந்துவிடும் என்று சொல்லி, படத்தில் அந்த நெடுக்குக் கோட்டைப் பேனா முனையால் காட்டினேன். அதையே போனில் படமெடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள், அடுத்த தடவை கால் பிசகினால் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள் என்றேன்.